கும்பிட்ட கையும் கார்பன் நகலும்

உண்மையை எழுதி வைப்பது நல்ல பழக்கம்தான். எழுதியதை எடுத்து நீட்டுவதுதான் வம்பு. பதினாறு வயதில் தொடங்கிய நாட்குறிப்பை நான் இன்றுவரை விட்டதில்லை. அதனால்தான் கொல்லங்கோட்டில் என் பெரியப்பாவின் கார் மூக்குடைந்த நேரத்தை நிமிடத்தோடு சொல்ல முடிகிறது.

ஐம்பதுகளின் கடைசி. ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம். எனக்கு லைசென்ஸ் கிடைத்துப் பதினோராம் நாள். (அந்தப் பதினோரு நாளும் என் கால் தரையில் படவில்லை.) மாரியம்மன் கோயில் வந்தது. நடந்து போகும்போது செய்வதைப் போலவே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். ஸ்டீரிங் நினைவுக்கு வந்தபோது எதிரே பனைமரம். எனக்குக் காயமில்லை. மரத்துக்கும் இல்லை.

கார்த்திகையில் பெரியப்பா மகள் வள்ளிக்குக் கல்யாணம். அந்தக் காரில்தான் பெண் போக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் பட்டறையில் கை வைப்பார்கள்.

படிவத்தில் ‘விபத்து நடந்த விதம்’ எழுத இரண்டு வரி இடம் இருந்தது.

“எருமை குறுக்க வந்துதுன்னு எழுதுடா” என்றார் பெரியப்பா.

“எருமையே இல்லீங்களே, பெரிப்பா.”

“நீ இருந்தயல்ல, அது போதும்.”

நான் கேட்கவில்லை. தனியாக ஒன்பது பக்கம் எழுதி இணைத்தேன், காற்றடித்த திசை உட்பட.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூரிலிருந்து கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். பனைமரத்தடியில் நின்று என் பக்கங்களைப் படித்தார்.

“ஏனுங்க தம்பி, அப்ப ஸ்டீரிங்கை ஆரு புடிச்சிருந்தா?”

“ஆரும் இல்லீங்க.”

அந்நேரம் கோயில் மணி அடித்தது. அவர் சட்டென்று இரண்டு கையையும் கூப்பினார். ஒன்பது பக்கமும் சாலையோர வாய்க்காலில் விழுந்து மிதந்து போயின. பக்கத்தில் நின்ற பெரியப்பா முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

இன்ஸ்பெக்டரும் நல்ல மனிதர். “போவுது உடுங்க, தம்பி. வண்டி மரத்துல மோதிருச்சுன்னு ஒரே வரி எழுதிக் குடுங்க, போதும்.”

இப்போது நினைத்தாலும் என் வாயை நானே பொத்தத் தோன்றுகிறது.

“கவலைப்படாதீங்க சார், கார்பன் வெச்சுத்தான் எழுதினேன்” என்று பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினேன்.

பெரியப்பா பனைமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஓட்டுபவர் தாமாகவே கையை எடுத்தது விபத்தில் சேராதாம். உள்ளூர் மெக்கானிக் வண்டி ஓடுகிற அளவுக்கு மட்டும் சரிசெய்து, பானெட்டைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். அதை மறைக்க இரண்டு கூடை செண்டுமல்லி ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அலங்காரத்தைப் பார்த்து அசந்து போனார்கள். (ஓட்டியது நானல்ல.)

வள்ளிக்கு இப்போது பேரன் பேத்திகள். போன மாதம் எல்லோரும் பஸ்ஸில் அந்த வழியாகப் போனோம். கோயில் தெரிந்ததும் அவள் பின்னால் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“அண்ணா, உங்களுக்கும் சேத்து நாங்களே கும்புட்டுக்கறோம். நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க.”

உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஒரு கையால்தான் கும்பிட்டார். நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்.