சம்பந்தியாருக்கு முதற்பரிசு

மல்லாவி,
கார்த்திகை 28.

அன்பும் மதிப்பும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

மச்சான் அப்புத்துரை தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தங்களுக்கும் சிவனேஸ்வரி அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் பிள்ளையார் ஒரு குறையும் வைத்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன். இங்கே நெல்லு சுகம், மாடுகள் சுகம், நாகேஸ்வரியும் இராசமலரும் சுகம். குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிறது. என்னைப்பற்றி மட்டும் விசாரிக்க வேண்டாம். போன வெள்ளிக்கிழமை தொடக்கம் நான் வீட்டின் பின்பக்கத்தால் வயலுக்குப் போய்ப் பின்பக்கத்தாலேயே வருகிறேன். சீனி முடிந்துவிட்டது. ஆனாலும் சந்திக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. வெறுந்தேத்தண்ணிதான் குடிக்கிறோம்.

இராசமலருக்குத் தாங்கள் பேசித் தந்த சம்பந்தம் பற்றித்தான் எழுதுகிறேன். காட்டை வெட்டிக் குடியேறிய எங்களுக்கு இப்படியொரு இடம் வாய்ப்பது லேசான காரியமில்லை. வன்னியில் பெண் எடுப்பதா, நுளம்பும் காய்ச்சலும் சீதனமாக வருமே என்று எத்தனை பேர் கழன்றுகொண்டார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை யோகநாதன் வவுனியாவில் அரசாங்கக் கச்சேரியில் இலிகிதர். தகப்பனார் கதிர்காமநாதன் தங்கள் ஊரில் கனகாலம் விதானையாராக இருந்து, போன வருடம் அரசாங்கம் விதானைமாரை நிறுத்திக் கிராமசேவகரைப் போட்டபோது வீட்டுக்கு வந்தவர். மாப்பிள்ளையின் படத்தைச் சுவாமித் தட்டில்தான் வைத்திருந்தோம். இப்போது அது இராசமலரின் தையல் பெட்டிக்குள் இருக்கிறதென்று தாய்க்காரி நாகேஸ்வரி சொன்னாள். அவ்வளவுக்குப் பிள்ளைக்குப் பிடித்துப்போன சம்பந்தம். அந்தச் சம்பந்தத்தின் மீசையைத்தான் அத்தான், நான் பிடித்து இழுத்துவிட்டேன். ஒருமுறை அல்ல.

தங்களுக்கு விசயம் ஏற்கனவே வேறு வழியால் வந்திருக்கும். என் பக்கத்தையும் கேளுங்கள். எனக்கென்று ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறதோ தெரியாது, இருந்தாலும் கேளுங்கள்.

எங்கள் குடியேற்றத்திட்டப் பாடசாலையில் வருடக் கடைசியில் விளையாட்டுப் போட்டியும் பரிசளிப்பும் ஒரே நாளில் நடக்கும். அதில் சனம் எதிர்பார்த்து வருவது வினோத உடைக்குத்தான். மற்றப் போட்டிகள் பிள்ளைகளுக்கு, இது மட்டும் எல்லாருக்கும். முதலே பெயர் கொடுக்கத் தேவையில்லை. யாரும் எந்த வேடத்திலும் சனத்துக்குள்ளிருந்து வரலாம். நடுவர் ஆளைக் கண்டுபிடித்த பிறகும் “நான் அவனில்லை” என்று சாதித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் முதற்பரிசு. இந்த விதியைக் கவனமாக மனதில் வைத்திருங்கள், அத்தான். என்னைக் கெடுத்தது இதுதான்.

பக்கத்துக் காணி ஐயாத்துரையைத் தங்களுக்குத் தெரியும். போன வருடம் அவன் காணிக் கந்தோர் துரை வேடத்தில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து, வாய்க்கால் கரையைச் சரியாகக் கட்டவில்லை, உன் காணியைப் பறிக்கப்போகிறேன் என்று என்னை வெருட்டினான். நான் சனத்துக்கு நடுவில் அவன் காலில் விழுந்துவிட்டேன். ஒரு வருடமாக இந்தக் குடியேற்றத்தில் சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் கண்டால் “துரை வாறார்” என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆகவே இந்த வருடம் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் என்ற முறையில் நானே நடுவராக இருப்பேன் என்று தலைமையாசிரியரிடம் அடம்பிடித்து அந்தப் பதவியை வாங்கினேன். ஐயாத்துரை எந்த உருவத்தில் வந்தாலும் விடமாட்டேன் என்று சங்கக் கூட்டத்தில் சபதமும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். மைதானத்தில் தவளைகள். கரண்டியில் தேசிக்காய் ஏந்தி ஓடும் ஓட்டத்தில் பிள்ளைகள் சறுக்கி விழுந்து தேசிக்காய்களைச் சேற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். சாக்கு ஓட்டத்தில் முதலாவதாக வந்த பொடியன் நிற்க முடியாமல் அப்படியே போய்த் தலைமையாசிரியரின் மேசையில் மோதினான். மாங்குளத்திலிருந்து ஒலிபெருக்கி பிடித்துப் பாலை மரத்தில் கட்டியிருந்தார்கள். அது நன்றாக வேலை செய்தது. கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன். மைக்கில் பாலன் மாஸ்டர். அவருக்குப் பக்கத்தில் நான். எனக்குப் பக்கத்தில் மற்ற நடுவர், சந்திக்கடை மஹ்றூப் நானா. முதற்பரிசுக்கென்று பூப்போட்ட சுடுதண்ணிப் போத்தல் ஒன்றை அவர்தான் தந்திருந்தார்.

அப்போதுதான் வாசலால் ஒரு உருவம் வந்தது. கறுத்தக் கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், சங்கிலி போட்ட மணிக்கூடு, கையில் குடை, முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய நரைமீசை. இந்தக் காலத்தில் யார் அத்தான் இப்படி உடுக்கிறார்கள்? சனம் கைதட்டத் தொடங்கிவிட்டது. அவர் நேரே எங்கள் மேசைக்கு வந்தார்.

“இஞ்சை ஆர் தம்பி அப்புத்துரை எண்டிறது?”

“அது உனக்குத் தெரியாதோ?” என்றேன் நான்.

“நான் விதானையார் கதிர்காமநாதன். அப்புத்துரையின்ரை பெட்டையைப் பாத்திட்டுப் போகலாமெண்டு வந்தனான்.”

நானும் அவரும் ஒருவரையொருவர் முன்பு கண்டதில்லை; அவர்கள் பொங்கலுக்குப் பிறகுதான் வருவார்கள் என்றும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். மகனைப் பார்க்க வவுனியாவுக்குப் புறப்பட்ட மனிதர் இடையில் மாங்குளத்தில் இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கும் பழைய விதானை வழக்கத்தில் வந்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதோடு இந்தச் சம்பந்தத்தை நான் குடியேற்றம் முழுக்கச் சொல்லித் திரிந்திருந்தேன், ஐயாத்துரைக்கு அதிகமாகவே. ஆகவே அவன் என் சம்பந்தி வேடத்தில்தான் வந்திருக்கிறான் என்று சட்டென்று பிடிபட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“அடேய் ஐயாத்துரை! போன வருசம் துரை, இந்த வருசம் சம்பந்தியோ? மீசைக்கு எவ்வளவு பசையடா பூசினனீ?” என்று மைக்கைப் பிடித்துக் கேட்டேன்.

“தம்பி, மரியாதையாக் கதையும். ஆரெண்டு நினைச்சீர்?”

“மரியாதையோ? காலமை என்னோடை சாணி அள்ளினவனுக்கு மரியாதையோ?”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. எட்டி மீசையைப் பிடித்து இழுத்தேன். மீசை கழன்று வரவில்லை. அதோடு முகமும் சேர்ந்து வந்தது. மஹ்றூப் நானா என் முழங்கையைப் பிடித்து, “அப்புத்துரை அண்ணை, கையை எடுங்கோ. இது வேசம் மாதிரித் தெரியேல்லை” என்றார். “நானா, உங்களுக்கு அவனைத் தெரியாது” என்று சொல்லி மற்றப் பக்கத்தையும் பிடித்து இழுத்தேன். பெரியவரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அழவும் பழகிக்கொண்டு வந்திருக்கிறான் பாருங்கோ!” என்று அதையும் மைக்கில் சொன்னேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை, அத்தான். பிடித்து இழுத்தும் வேடம் கலையாதவனுக்குப் பரிசு கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது என்று நினைத்து, முதற்பரிசு ஐயாத்துரைக்கு என்று அறிவித்து, சுடுதண்ணிப் போத்தலை அவர் கைக்குள் திணித்தேன். அவர் ஒரு கையில் குடையும் மற்றக் கையில் போத்தலுமாக ஒன்றும் விளங்காமல் நின்றார்.

அந்த நேரம் வாசலால் நான் வந்தேன்.

பிழையாக எழுதவில்லை, அத்தான். என்னுடையதைப் போலவே பச்சைக்கரைச் சால்வை, என்னுடையதைப் போலவே மடித்துவிட்ட சேட்டுக் கை, என் நடை. வயிறு எனக்குக் கொஞ்சம் கூட என்பதால் ஒரு தலையணையும் கட்டியிருந்தான். எங்களுக்கு உயரமும் நிறமும் முகவெட்டும் ஏறக்குறைய ஒன்றுதானே. ஐயாத்துரையின் இந்த வருட வேடம் நான். வாசலில் ஒளிந்து நின்று தன் முறைக்குக் காத்திருந்தவன், ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டு, வந்திருப்பது யார் என்று விளங்கிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலுக்குக் கீழே சேறு பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன்.

அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பெரியவரிடம் போய்க் கும்பிட்டான்.

“வாங்கோ ஐயா, வாங்கோ. நான்தான் அப்புத்துரை. மழையிலை நனைஞ்செல்லோ வந்திருக்கிறியள். முதல் இப்பிடி இருங்கோ” என்று குடையை வாங்கி, சால்வையால் கதிரையைத் துடைத்துவிட்டான்.

விதானையார் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அப்ப இது ஆர்?”

“இண்டைக்கு வினோத உடை, ஐயா. அவர் என்னைப்போல வேசம் போட்டவர். கொஞ்சம் கூடிப்போச்சு. குறை நினையாதேங்கோ.”

பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கனகாலம் வழக்கு விசாரித்த பார்வை அது. “உடுப்புச் சரி. ஆனால் ஆள் பொருந்தேல்லை. ஒரு பெட்டையைப் பெத்த தேப்பன் இப்பிடியோ நடப்பான்?” என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் அப்புத்துரை, மன்னியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. அதற்குள் இராசமலர் தேத்தண்ணித் தட்டோடு வந்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளின் கோலாட்டத்துக்கு நின்ற பிள்ளை, பாவாடையெல்லாம் சேறு. அவளும் ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருந்தாள். பெரியவருக்குக் கொடுத்தாள். பிறகு ஒருதரம் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஐயாத்துரையின் பக்கம் திரும்பி, “அப்பா, தேத்தண்ணி” என்றாள்.

எனக்குத் தரவில்லை. பிள்ளையில் பிழையில்லை, அத்தான். அந்த இடத்தில் அப்பா மாதிரி நின்றவன் அவன்தானே. ஆனாலும் சொல்லுகிறேன், போன வருடம் ஐயாத்துரையின் காலில் நான் விழுந்தபோதுகூட எனக்கு இப்படி நெஞ்சு நோகவில்லை.

இதோடு முடிந்ததென்று நினைக்காதேங்கோ. நடந்தது ஒன்றும் விளங்காத பாலன் மாஸ்டர், “வினோத உடையில் இரண்டாம் பரிசு, அப்புத்துரை வேடம்!” என்று அறிவித்துப்போட்டார். நான் போகாமல் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். போய் வாங்கினேன். சவர்க்காரப் பெட்டி. என்னைப்போல வேடம் போட்டதற்கு எனக்கு இரண்டாம் பரிசு. விதானையார் அதற்கும் கைதட்டவில்லை.

அதன் பிறகு ஐயாத்துரை அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய், நாகேஸ்வரிக்குக் குசினி வாசலில் நின்று கண்ணைக் காட்டி, சோறு கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டிருக்கிறான். என் வீட்டில் என் கதிரையில் இருந்து என் பிள்ளையின் கலியாணத்தைப் பேசியிருக்கிறான். நான் மாட்டுக் கொட்டிலுக்குள் நின்றேன். ஆகவே அவனோடு இந்தச் சென்மத்தில் எனக்கு இனிக் கதை இல்லை.

இப்போது தாங்கள்தான் துணை. தயவுசெய்து கதிர்காமநாதன் விதானையாரிடம் நேரே போய் உண்மையைச் சொல்லவும். மீசையை இழுத்தவன்தான் பெண்ணைப் பெற்றவன் என்று சொல்லவும். நான் எந்தச் சபையிலும் அவர் காலில் விழத் தயார். சம்பந்தம் குழம்பினால் குழம்பட்டும். வேறொருவனைத் தகப்பன் என்று காட்டிப் பிள்ளையை அனுப்ப என் மனச்சாட்சி இடம் தராது. இது என் முடிந்த முடிவு.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் வீட்டுப் பனைகளும் பயிர்களும் பெருகவும், யாரும் தங்கள் மீசையில் கைவைக்காமல் இருக்கவும் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

தலைகுனிந்த மச்சான்,
அப்புத்துரை

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதினதில ஒரு சொல்லும் விதானையாருக்குச் சொல்லாதேங்கோ. கடிதத்தை வாசிச்ச கையோடை அடுப்பிலை போடுங்கோ. தபால் கந்தோருக்குப் போறதெண்டால் சந்தியைத் தாண்ட வேணும் எண்டதாலை இது இவ்வளவு நாளும் வீட்டிலைதான் கிடந்தது. நல்லகாலம். மஹ்றூப் நானா சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போனவர், மாப்பிள்ளையைக் கண்டு செய்தி கொண்டு வந்தார். விதானையாருக்கு முழுச் சம்மதமாம். பெட்டை நல்ல அடக்கமாம், தேப்பன் அதைவிடத் தங்கமான மனிசனாம். சுடுதண்ணிப் போத்தலும் நல்லாச் சூடு பிடிக்குதாம். தையிலை கலியாணத்தை முற்றாக்குவம் எண்டு சொன்னவராம். ஒரேயொரு சொல்லுத்தான்: தேப்பனைப்போல வேசம் போட்டு வந்து தன்ரை மீசையை இழுத்த அந்த விசரனைப் பந்தலுக்கை விடப்பிடாதாம்.

ஐயாத்துரை வேலிக்கு அங்காலை நிண்டு எல்லாம் கேட்டவன். “அந்த விசரன் நானாய் இருக்கட்டும். நான் கலியாணத்தண்டைக்குப் பந்தலுக்கை வராமல், பின்னாலை நிண்டு சமையலைப் பாக்கிறன். அவர் முகத்தைப் பாத்தில்லை, நடத்தையைப் பாத்துத்தான் ஆளைப் பிரிச்சவர்; நீ அண்டைக்கு நான் நடந்த மாதிரி நடந்தால் காணும்” எண்டான். இராசமலரைத் தோளிலை வைச்சு இந்தக் காடெல்லாம் காட்டினவன் அவன். எனக்கு அழுகை வந்திட்டுது. இந்த முறை ஆரும் மீசையை இழுக்கேல்லை.

அதாலை முந்தநாள் தொடக்கம் பின்னேரத்திலை ஐயாத்துரை வந்து எனக்கு அப்புத்துரையாய் நடக்கப் பழக்கிறான். இராசமலர் குடையைப் பிடிச்சுக்கொண்டு விதானையார் மாதிரிப் படலையடியிலை நிக்கிறாள். நான் கும்பிட்டுப் போய், “வாங்கோ ஐயா, நனைஞ்செல்லோ வந்திருக்கிறியள்” எண்டு சொல்லிக் கதிரையைத் துடைக்க வேணும். நாகேஸ்வரிதான் நடுவர். நேற்றும் எனக்கு இரண்டாம் பரிசுதான்.