வீட்டை இழுத்துக்கொண்டு வெயில் தேடியவர்

ஊர் சுற்றுகிறவர்களில் பல இனம் உண்டு. போகிற இடமெல்லாம் படம் பிடித்துத் தள்ளிவிட்டு, எந்த இடத்தையும் கண்ணால் பார்க்காமல் திரும்புகிறவர் ஓர் இனம். போன ஊரில் நம்மூர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்று தேடிப் பிடித்து, அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறவர் இன்னோர் இனம். இவர்களை மன்னித்துவிடலாம். யாருக்கும் பெரிய சேதமில்லை. இங்கே பார்க்கப்போவது இவர்களைவிட முற்றிய மூன்றாவது இனத்தை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வீட்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறவர் இவர். பணி ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த இனம் முழு வளர்ச்சி அடைகிறது.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்து நிறுத்திப் பார்ப்போம். கருங்கல் ஊர்க்காரரான செல்வதாஸ் சார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜெயபாய் டீச்சரும் ஓய்வு பெற்றவர்தான், ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும். அடுப்படியிலிருந்து அவருக்கு யாரும் மாலை போட்டுப் பிரிவு உபசார விழா நடத்தவில்லை. மகன் ரெனிஷ் இருப்பது அமெரிக்காவில். ஒரு டிசம்பரில் அங்கே போனபோதுதான் சாருக்கு இந்த வியாதி தொற்றியது. பனி கொட்டத் தொடங்கியதும் அந்த நாட்டுக் கிழவர்கள் சக்கரம் வைத்த சின்ன வீடு ஒன்றைக் காரின் வாலில் மாட்டி, மனைவியையும் நாயையும் ஏற்றிக்கொண்டு, தெற்கே வெயிலடிக்கும் ஊர்களாகப் பார்த்துப் போய், குளிர் முடியும்வரை அரைக்கால் சட்டையோடு மடக்கு நாற்காலியில் காலை நீட்டிக் கிடப்பதைக் கண்டார். கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"மனுசன்னா இப்பிடில்லா ஏட்டி வாழணும்!"

வாழட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் அங்கே பனி. கருங்கலில் மார்கழி மாதத்தில்கூட மின்விசிறியை நிறுத்தினால் பனியன் நனைகிறது. இங்கிருந்து வெயிலைத் தேடித் தெற்கே போவதென்றால் கொஞ்ச தூரத்தில் கடல் வந்துவிடும், அதற்கப்புறம் டிரெய்லர் போகாது. இதையெல்லாம் யோசிக்கிறவராக இருந்தால் அவர் ஏன் இந்தக் கட்டுரைக்குள் வருகிறார்? ஊர் திரும்பியதும் ஒரு வெல்டிங் பட்டறையில் போய் நின்று, கட்டில் இப்படி மடங்க வேண்டும், அடுப்பு அங்கே வர வேண்டும், பக்கவாட்டில் ஒரு ஜன்னல் பலகை கீழே விழுந்து மேசை ஆக வேண்டும் என்று பட்டறைக்காரனின் உயிரை எடுத்து, வெள்ளை வெளேரென்று ஒரு டிரெய்லரைச் செய்து ஜீப்பின் பின்னால் மாட்டிவிட்டார். கழுத்தில் ஒரு மஃப்ளரும் சுற்றிக்கொண்டார். குளிர்காலப் பயணம் அல்லவா?

ஜெயபாய் டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"இஞ்ச பாருங்க, எனக்கு ஊரு ஒண்ணும் பாக்காண்டாம். ஒரு நேரமாவது நான் சம்மணம் போட்டு இருக்கணும். வேற ஆராவது வச்ச சோத்த, வேற ஆராவது விளம்பி, நான் தின்னணும். அது நடக்குமானா வாறேன்."

"டூருன்னா பின்ன என்னா? உனக்கு ஃபுல் ரெஸ்ட்டுல்லா!"

இதைச் சொன்ன அன்று சாயங்காலமே டிரெய்லரில் மிக்ஸி ஏறியது. கேஸ் சிலிண்டர் ஏறியது. தேங்காய்த் துருவி, தேங்காய் ஒரு சாக்கு, சம்பா அரிசி, மரச்சீனிக் கிழங்கு, கருவாடு, புளி, மீன் சட்டி, மீன் சட்டி உடைந்தால் மாற்றுக்கு இன்னொரு மீன் சட்டி, போகிற ஊரில் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று சொந்தக் கிணற்றுத் தண்ணீர் கேன் கேனாக, அதற்கும் மேலே வரவேற்பறைச் சுவர்க் கடிகாரம். டீச்சர் இடுப்பில் கை வைத்து எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டில் விட்டுவைத்தது எது என்று அவருக்குத் தெரியவில்லை. சுவர் மட்டும்தான் போலிருக்கிறது.

"இது எதுக்கு இவ்வளவும்?"

"ஓட்டல் எண்ணெய் நமக்கு ஒக்குமா? நாக்கு செத்துப்போவும் ஏட்டி. ஒரு பாதுகாப்புக்கு வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

பாதுகாப்பு! இந்த இனத்தின் தேசிய கீதமே இந்த ஒரு சொல்தான்.

பயணம் எப்படிப் போனது என்கிறீர்களா? டிரெய்லர் முன்னால் போகும், பின்னால் வராது. பின்னால் எடுத்தால் ஜீப் ஒரு பக்கமும் டிரெய்லர் ஒரு பக்கமும் கோபித்துக்கொண்டு நிற்கும். ஆகவே சந்து உள்ள ஊருக்குள் போகக் கூடாது. நம் மாவட்டத்தில் சந்து இல்லாத ஊர் எது? கோட்டாறு வந்தது, போனது. கடைத்தெருவைப் புறவழிச் சாலையிலிருந்து கை நீட்டிக் காட்டினார். பிறகு ஒரு கடற்கரையில் நிறுத்தினார்கள். நிறுத்தியதும் அடுத்த சட்டம் பிறந்தது.

"ரெண்டுபேரும் போனா வண்டிக்கு ஆரு காவல்?"

ஆகவே சார் போய்க் கடலைப் பார்ப்பார். வந்து, அலை நல்ல அலை என்று டீச்சருக்குச் சொல்லுவார். சொல்லி முடிப்பதற்குள் பசிக்கும். டீச்சர் தேங்காய் துருவுவார். கருங்கல் வீட்டு அடுப்படியில் குறைந்தபட்சம் நிமிர்ந்து நிற்கலாம், இங்கே நிமிர்ந்தால் தலை இடிக்கிறது. சமைத்து, விளம்பி, பாத்திரம் கழுவி, கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்று வாளியோடு அலைந்துவிட்டு வந்தால், சார் மடக்கு நாற்காலியில் காலை நீட்டி மகனுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார். "அம்மைக்கு நல்ல ரெஸ்ட்டு மக்கா! ஒரு வேல கிடையாது அவளுக்கு!" டீச்சருக்கு அந்த நாற்காலியை அப்படியே மடக்கிவிடத் தோன்றியது. சார் அதற்குள் இருக்கும்போதே.

வழியில் ஒரு முக்குக் கடையில் வெள்ளை டிரெய்லரைக் கண்டதும் நாலைந்து பேர் எழுந்து தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் சவ வண்டிக்கு அருகே வருவதுபோல் ஜீப் அருகே வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"ஆரு அண்ணாச்சி? பெட்டியில ஆரு?"

சாருக்கு முகம் கறுத்துவிட்டது. பின் இருக்கையில் இருந்த டீச்சர் முணுமுணுத்தார், "நாந்தான்."

இப்படியாக, காஷ்மீர்வரை போகலாம் என்று கிளம்பிய குளிர்காலப் பயணம் கொட்டாரம் வந்து சேர்ந்தது. கருங்கலில் காலையில் பஸ் ஏறினால் வேலையை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஊர். வயலோரத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ சபைக் கோயில், விசாலமான வளாகம், டிரெய்லரைத் திருப்பத் தோதான இடம். வளாகத்தில் பந்தல் போட்டிருந்தது. பெரிய பெரிய அண்டாக்களில் ஆவி பறந்தது. அன்றைக்கு அங்கே அசனம்: சபையார் எல்லோரும், வந்தவர் போனவரும் சேர்ந்து, வேற்றுமையில்லாமல் பந்தியில் உட்கார்ந்து உண்ணும் விருந்து. வண்டியை நிறுத்தி, கடற்கரையில் வாங்கிய மீனை டீச்சர் சமைத்துக்கொண்டிருக்கும்போது, சபைக் காரியங்களைக் கவனிக்கிற ஞானதாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க! இல போட்டாச்சு. அக்காவும் அண்ணாச்சியும் வந்து இருங்க."

டீச்சர் பந்தலை எட்டிப் பார்த்தார். இலை. யாரோ வடித்த சோறு. யாரோ கொதிக்கவைத்த குழம்பு. அது கறிக்குழம்பு என்று மூக்கு அப்போதே சொல்லிவிட்டது.

"இல்ல தம்பி," என்றார் சார். "நாங்க வெளிய எங்கயும் கை நனைக்கதில்ல. வண்டியில எல்லா வசதியும் உண்டு. ஏட்டி, மீன் வச்சாச்சில்லா? நீங்க வாங்க, வண்டியக் காட்டுதேன். பாத்தா அசந்துருவீங்க!"

விருந்துக்கு அழைக்க வந்த மனிதரை இழுத்துப்போய், கட்டில் மடங்குவதைக் காட்டினார், நிமிர்த்திக் காட்டினார், மறுபடியும் மடக்கினார். பக்கவாட்டு ஜன்னல் பலகையைக் கீழே இறக்கி, அது மேசை ஆவதைக் காட்டினார். மேசை வெறுமையாக இருந்தால் எடுப்பாக இல்லையே என்று, டீச்சர் அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானையையும் மீன்குழம்பையும் மரச்சீனிக் கிழங்கை மசித்து மயக்கியதையும் அதன்மேல் வரிசையாக எடுத்து வைத்தார். ஞானதாசன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அசனத்தைப் பார்க்க ஓடினார்.

டீச்சர் அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"கோயில ஒரு எட்டு பாத்துட்டு வாறேன். வண்டிக்கு நீங்க காவல்."

போனார். கோயிலைப் பார்க்கவில்லை. பந்தியில் ஒரு வெறும் இலையைப் பார்த்தார், அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. ஓர் இளம்பெண் குனிந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டா பெரியம்மா?" என்று கேட்டாள். போடட்டுமா என்று கேட்கிற குரலை டீச்சர் இத்தனை காலமும் தன் தொண்டையிலிருந்து மட்டும்தான் கேட்டிருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. குழம்பில் காரம் அதிகம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சமாளித்தார்.

இந்தப் பக்கம் வேறொரு கூத்து. அசனத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட முடியாதவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகத் தூக்குச் சட்டியில் கொடுக்கிற வழக்கம் உண்டு. சட்டியோடு வந்தவர்கள் கண்டது என்ன? வெள்ளை வண்டி. இறக்கிவிட்ட பலகை. அதன்மேல் சோறு, குழம்பு. பின்னால் மஃப்ளர் கட்டிய ஒரு பெரியவர். வரிசை தானாக முளைத்தது.

"பார்சலு இங்கியா அண்ணாச்சி?"

"இல்லம்மா, இது வந்து…"

"கிழவிக்கு நடக்க வய்யா, அதனாலதான். மூணு பேருக்கு ஊத்துங்க."

கோயில் வளாகத்தில், அசனத்தன்று, சட்டியை நீட்டுகிறவளிடம் இது எங்கள் சொந்தச் சோறு, தரமாட்டேன் என்று சொல்ல எந்த வாயால் முடியும்? சார் ஒரு கரண்டி போட்டார். அதைத் தூரத்திலிருந்து கண்ட ஞானதாசன் நெகிழ்ந்துபோய் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்: "கருங்கலில் இருந்து வந்திருக்கும் ஐயா அவர்கள், தம் குடும்பத்தின் சார்பில் மீன்குழம்பும் கிழங்கும் அன்போடு வழங்குகிறார்கள்!" அவ்வளவுதான். வரிசை வாசலைத் தாண்டியது. வாழ்நாளில் தன் தட்டுக்கே தான் சோறு போட்டுக்கொள்ளாத மனிதர், அகப்பையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல், சட்டை முழுக்கக் குழம்பாக விளம்பினார்.

"ஏட்டி ஜெயா!"

பந்தியில் டீச்சருக்குக் கேட்டது. எழும்பவில்லை.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கூப்பிட்டது: "ஜெயபாய் அம்மா எங்கிருந்தாலும் உடனே வண்டிப் பக்கம் வரவும். ஐயா தேடுகிறார்கள்."

டீச்சர் தலையைத் திருப்பாமல் அந்த இளம்பெண்ணிடம் சொன்னார், "ரசம் இன்னும் கொஞ்சம் விடு மக்கா. பைய விடு, அவசரம் ஒண்ணுமில்ல."

கடைசிப் பந்தியில், பானைகள் எல்லாம் காலியான பிறகு, வெளியே கை நனைக்காத சார் வந்து உட்கார்ந்தார். மூன்று தடவை சோறு வாங்கினார். ஏப்பம் விட்டார். கை கழுவும்போது டீச்சரிடம் குனிந்து சொன்னார், "உப்பு கொஞ்சம் கூடுதல், பாத்தியா?"

திருந்தியிருப்பார் என்று எதிர்பார்த்தீர்களா? நல்ல கதை! இப்போது கருங்கலில் கேட்டால், ஒரு சபைக்கே அசனம் போட்ட கதையை அரைமணி நேரம் சொல்லுவார். டீச்சர் அதில் ஓர் இடத்திலும் வரமாட்டார்.

இந்த டிசம்பரிலும் டிரெய்லரைக் கழுவித் துடைத்து ஜீப்பில் மாட்டினார். மீன் சட்டி ஏறியது, மாற்று மீன் சட்டி ஏறியது, கடிகாரம் ஏறியது. டீச்சர் மட்டும் ஏறவில்லை. வாசல்படியில் அந்த மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"வா ஏட்டி, நேரமாவுது."

"நீங்க போயிட்டு வாங்க. ரெண்டுபேரும் போனா வீட்டுக்கு ஆரு காவல்?"

சார் அன்றைக்குக் கிளம்பவில்லை. அடுத்த நாளும் கிளம்பவில்லை. டிரெய்லர் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. தனியாகவாவது வெயிலைத் தேடிப் போக அவருக்கு ஆசைதான், ஆனால் சோறு வடிக்கத் தெரியாதே.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. எனக்கு டிரெய்லர் கிடையாது, ஆகவே இது என்னைப் பற்றி அல்ல என்று புத்தகத்தை மூடப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். போன விடுமுறையில் நீங்கள் குடும்பத்தோடு போனீர்களே, அந்தப் பையில் ஊறுகாயும் பொடி டப்பாவும் மின்சார அடுப்பும் வைக்கச் சொன்னது யார்? அங்கே காலையில் முதலில் எழுந்தது யார்? அங்கேயும் கடைசியாகச் சாப்பிட்டது யார்? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். அடுப்படிப் பக்கம் போய் அங்கே நிற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். போகிறபோது கையில் ஒரு தட்டைக் கொண்டு போகாதீர்கள். சோறு கேட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்.