என் நாக்கில் இறங்கிய சொல்தா

என் பெயர் சக்கரபாணி. பேரிலேயே சக்கரை. ரத்தத்திலும் ஏறி நிற்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறினால் மாத்திரைதான் என்று டாக்டர் சொன்ன அன்றே சபதம் எடுத்தேன். என் காப்பிக்கு மூணு ஸ்பூன். ஒரு பருக்கை குறைந்தாலும் சோறு தொடமாட்டேன்!

என் மனைவி பார்வதி சண்டைக்கு வருவாள் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சரிங்க. மூணே போடுறேன்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். ஆனாலும் நான் ஏமாளி இல்லை. தினமும் ஹால் நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வேன். உள்ளே டம்ளரில் ஸ்பூன் தட்டும். டிங். டிங். டிங். அப்புறம்தான் பேப்பரைப் பிரிப்பேன்.

சில மாதம் கழித்து அது ஆரம்பித்தது.

முதலில் கேரட் பொரியல். ஒரு வாய் வைத்தேன். அல்வா மாதிரி தித்தித்தது.

"இதுல வெல்லம் போட்டியா?"

"இல்லியே." பார்வதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நான் வேலை பார்க்கும் சேதராப்பட்டு கம்பெனி கேன்டீனில் வெங்காயப் பச்சடி இனித்தது. பிறகு வெறும் சோறு. மெல்ல மெல்ல இனித்தது. முதுகில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி இருந்தது.

காப்பியும் கேசரியும் வீட்டிலேயே கிடைத்ததால் ஸ்வீட் கடைப்பக்கம் போய் நாளாகியிருந்தது. வேலை முடிந்து வரும்போது நெல்லித்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஜாங்கிரி வாங்கினேன். ஜாங்கிரி என் உயிர். கடித்தேன். தித்திப்பு தாங்கவில்லை. துப்பிவிட்டேன். ஜாங்கிரியைத் துப்புகிற நாக்கு என் நாக்காக இருக்க முடியாது!

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணசாமியிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுல முன்னாடி யாரு இருந்தா தெரியுமா?"

"தெரியாதே."

"ஒரு சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவரு. அந்த ஹால்லதான், நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரு. கையில காப்பி. சக்கரன்னாலே ஆவாது மனுஷனுக்கு. டீக்கடையில நின்னு 'சான் சுக்ர்'னு கத்துவாரு."

"அப்டின்னா?"

"சக்கர வேணாம்னு அர்த்தம்."

வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. தெருமுனை டீக்கடைக்குப் போனேன். ஒரு வாய் உறிஞ்சினேன். பாகு! அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"மாஸ்டர், சக்கர இல்லாம ஒண்ணு."

சொன்னது நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை. கையில் மயிர் குத்திட்டு நின்றது. பட்டப்பகலில் வீட்டுக்கு ஓடினேன்.

"பார்வதி! அந்த சொல்தா என் நாக்குல எறங்கிட்டாருடி!"

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எறங்கினது சொல்தா இல்லிங்க. ஸ்பூன்."

"என்னா ஸ்பூன்?"

"மொதல்ல பெரிய ஸ்பூன். பொறவு சின்னது. பொறவு ஐஸ்கிரீம் கப்புல வர்றது. இப்ப பெருங்காய டப்பாவுல கெடந்தது. கேசரிக்கும் அதே கணக்குதான். கொஞ்சங்கொஞ்சமா கொறச்சா நாக்கு தானா பழகிக்கும், அவருக்குத் தெரியவே தெரியாதுன்னு டாக்டர் என்னத் தனியா கூப்ட்டு சொன்னாரு."

"மூணு டிங் கேட்டுச்சே!"

"கேட்டுச்சுல்ல? என்னா ஸ்பூன்னு எட்டிப் பாத்தீங்களா?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானே காப்பி கலந்தேன். இருக்கிறதிலேயே பெரிய ஸ்பூனால் குவித்துக் குவித்து மூன்று போட்டேன்.

"பாரு, ஒரே மூச்சுல குடிக்கறேன்!"

ஒரு வாய்தான். கண் செருகியது. டம்ளரைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்தேன்.

பார்வதி கீரைக் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள்.

"எதுக்கு வீணாக்கணும்? எனக்குத்தான் சுகர் இல்லியே" என்று சொட்டு விடாமல் குடித்தாள்.