நாற்பத்தேழாம் நம்பரை வேகவைத்த கதை

பிர்ச் க்ரீக், சஸ்காட்செவன்
டிசம்பர் 14

அன்புள்ள யூஸ்தினாவுக்கு,

அண்ணி பராஸ்கா எழுதுவது. ஆண்டவருக்குத் தோத்திரம். நான் இங்கே சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உன் அண்ணன் இருந்தபோதே அப்படித்தான். நீயும் உன் வீட்டுக்காரரும் அந்த விக்டோரியாவில், ஜனவரியிலும் ரோஜா பூக்கிற ஊரில், நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், நாலு வரி எழுத ஒரு நாள் ஆகும், சொல்ல வேண்டியதோ நாலு வரியில் அடங்காது. வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து இரு என்கிறாய். முடியாது. என் கண்ணாடித் தாழ்வாரத்தில் ஐந்து தொட்டி கோதுமை இருக்கிறது. சிரிக்காதே, முழுக்கப் படி.

உன் அண்ணன் ஓரெஸ்ட் முப்பத்தோரு வருஷம் ஆராய்ச்சிப் பண்ணையில் விதைத்தார், அறுத்தார், சீட்டு ஒட்டினார், அது உனக்குத் தெரியும். நாற்பத்தேழாம் நம்பர் உனக்குத் தெரியாது. மழையே பெய்யாத ஒரு வருஷம், பனிக்கு முன்பே விதைக்கிற குளிர்காலக் கோதுமை வயல் முழுவதும் கருகிக் கிடந்தபோது, வாய்க்கால் ஓரத்தில் ஒரே ஒரு கதிர் மட்டும் நின்றதாம். அதைத் தொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே கதிர் இருப்பது தெரியாமல் நான் அந்தத் தொப்பியை உதறிவிட்டேன், அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் சமையலறைத் தரையில் மண்டியிட்டு மணி பொறுக்கினோம். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம், வருஷா வருஷம் விதைத்துப் பொறுக்கி விதைத்துப் பொறுக்கி, அதைத்தான் நாற்பத்தேழாம் நம்பர் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அது தீர்த்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சாப்பாட்டு மேஜையில் அதன் பேச்சு வராத நாள் இல்லை. செப்டம்பரில் பண்ணையின் குளிர் அறை ரிப்பேர் என்று பன்னிரண்டு தொட்டியில் அதை விதைத்து நம் தாழ்வாரத்தில் அடுக்கினார். அடுத்த வாரம் பூவாளியைக் கையில் பிடித்தபடியே போய்விட்டார். பூவாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை நான் ரொம்ப நாள் கொட்டவில்லை.

இப்போது என் புத்திசாலித்தனத்தைக் கேள். நாற்பதாம் நாள் பூசைக்கு வழக்கப்படி கோதுமையை வேகவைத்துத் தேன் கலந்து கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டுமே, கடைக் கோதுமை உன் அண்ணனுக்குப் பிடிக்காதே என்று நிலவறைக்குப் போனேன். அலமாரியில் பண்ணையின் பழுப்புக் கவர் ஒன்று நிறையக் கோதுமையோடு இருந்தது. அவர் கை பட்ட கோதுமை, இதைவிட என்ன வேண்டும் என்று ஊறப்போட்டேன். பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். உன் அண்ணனோடு வேலை பார்த்த விஞ்ஞானி டாக்டர் ஹைடி பென்னரும் வந்திருந்தாள். நல்ல பெண், அவள் எங்கள் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை, இருந்தாலும் மரியாதையாக இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"பராஸ்காம்மா, இப்ப கேக்கக் கூடாதுதான். ஐயா நாற்பத்தேழாம் நம்பர் விதையைச் சுத்தம் பண்ண வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. இருக்கறதே அது ஒண்ணுதான். எங்க வச்சிருக்காரு?"

"எப்படி இருக்கும்மா அது?"

"பண்ணையோட பழுப்புக் கவர்தான்."

நான் பாத்திரத்தைப் பார்த்தேன். பாதிரியார் தாராஸ் அதன் அடியை வழித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வால்டர், "பராஸ்கா, இந்தத் தடவை கோதுமை அருமை, தேன்தான் கொஞ்சம் தூக்கல்" என்றார். ஹைடி என் முகத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நான் ரெண்டு தடவை வாங்கினேன்" என்றாள்.

பதினெட்டு வருஷத்தை ஊரே ஆளுக்கொரு கரண்டி தின்று தீர்த்துவிட்டது யூஸ்தினா. அதுவும் அவருடைய பூசையில், என் கையால். இனி அந்தப் பன்னிரண்டு தொட்டிதான் மிச்சம், அதுவும் போனால் அவர் பூமியில் விட்டுப்போனது ஒன்றும் இல்லை. ஹைடி திட்டவில்லை. தாழ்வாரத்துக் குளிரிலேயே தொட்டிகளை விட்டு வையுங்கள், லேசாக நனைத்தால் போதும், ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை என்றாள். ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்கு வருமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவை நடுங்குவதுபோலவே இருந்தது. ஆறு தொட்டியைச் சமையலறைக்குத் தூக்கிவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். மற்ற ஆறுக்கு இடமில்லை. உள்ளே வந்தவற்றுக்கு நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர், ஜன்னல் வெயில், ரேடியோ. உன் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவற்றுக்குச் சொன்னேன். பச்சைப்பசேலென்று ஒரு முழம் வளர்ந்தன. வால்டர் முட்டை கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, பயிருக்குப் பாட்டுப் போட்டிருக்கியா? நாப்பது வருஷமா பக்கத்துல இருக்கேன், ஒரு நாள் காப்பி குடின்னு சொன்னதில்ல."

"நீ வளர மாட்டியே" என்றேன்.

வெளியே இருந்த ஆறை நான் மறந்தே போனேன். மறந்தேன் என்றால் அங்கே போகவில்லை. அந்தப் பூவாளி அங்கேதான் இருந்தது, அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரு நாள் எட்டிப் பார்த்தால் மண் வெடித்திருக்கிறது, பயிர் குட்டையாக, கறுப்புப் பச்சையாக, தரையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. வெட்கமாகிக் கதவைச் சாத்திவிட்டேன்.

நவம்பர் கடைசியில் கோயில் விற்பனைக்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடிக்கப் பெண்கள் எல்லோரும் கோயில் நிலவறையில் கூடினோம். இரண்டாயிரம் பிடிப்பதாகத் திட்டம். பனிப்புயல் வந்து சாலை மூடிவிட்டது, மின்கம்பி அறுந்துவிட்டது. அங்கே விறகடுப்பு இருந்ததால் இரண்டு நாள் நாங்கள் பிடித்த கொழுக்கட்டையையே தின்றோம், விற்பனைக்குப் பாதிதான் மிஞ்சியது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், மின்சாரம் இல்லாமல் வீட்டுச் சூடும் நின்றுபோய், மேஜை மேல் குவளைத் தண்ணீர் கல்லாக இருக்கிறது. வெளியே மைனஸ் இருபத்தேழு. சமையலறை ஆறும் வேகவைத்த கீரைபோலத் தொங்குகின்றன. தாழ்வாரத்து ஆறும் வைக்கோலாகக் கிடக்கின்றன. அன்றுதான் யூஸ்தினா, அடக்கத்தின்போதுகூட அழாத அளவுக்கு அழுதேன். முதலில் வேகவைத்துக் கொன்றேன், பிறகு உறையவைத்துக் கொன்றேன், மிச்சம் என்ன முறை இருக்கிறது என்று வால்டரிடம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், பாவம்.

ஹைடி வந்தாள். தழையை வெட்டிவிட்டு, தொட்டிகளைக் குளிர்ந்த இடத்திலேயே வைத்து, மெதுவாக உருகட்டும், பத்து நாள் தொடாதீர்கள் என்றாள். பத்து நாள் நான் தொடாமல் இருந்ததற்கு எனக்குப் பதக்கம் தர வேண்டும். பதினோராம் நாள் அவள் வந்து குனிந்து பார்த்தவள் அப்படியே மண்டியிட்டாள். சமையலறைத் தொட்டி ஆறில் ஒன்றுகூட இல்லை. தாழ்வாரத்துத் தொட்டி ஆறில் ஐந்தில் ஊசி முனை அளவுக்குப் பச்சை.

"பராஸ்காம்மா, இதுக்கு எவ்வளவு தண்ணி விட்டீங்க?"

பொய் சொல்லத்தான் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "விடவே இல்லம்மா" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள், நான் புரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன். பயிரின் உடம்பு சின்னச் சின்ன அறையாக இருக்கிறதாம். உறைபனி வந்தால் ஐஸ் முதலில் அந்த அறைகளுக்கு வெளியே கட்டுமாம், கட்டி, உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்குமாம். "அப்ப அதுக்குக் குளிரும் ஒண்ணுதான், வறட்சியும் ஒண்ணுதான். ரெண்டுலயும் தண்ணிதானே போகுது" என்றாள். அதனால் தாகத்தில் பழகினது குளிருக்கும் பாதி தயாராக இருக்குமாம். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு சமையல் புத்தகம் இருக்கிறதாம். நல்ல காலத்தில் சில பக்கங்களைப் புரட்டுவதே இல்லை. கஷ்டம் வருகிறது என்று உள்ளேயே ஒரு சேதி போனால்தான் அந்தப் பக்கம் திறக்கும். திறந்தால் சர்க்கரை சேர்க்கும், சில புரதங்களைச் செய்து, கண்ணாடிச் சாமானுக்குத் துணி சுற்றுவதுபோல உள்ளே எல்லாவற்றையும் சுற்றி வைக்கும். அறையின் தோலையும் மாற்றிக்கொள்ளும். அது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பன்றிக் கொழுப்பைத் தாழ்வாரத்தில் வைத்தால் கல்லாகிவிடும், சூரியகாந்தி எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும். குளிரில் பழகின பயிர் கொழுப்பிலிருந்து எண்ணெய்ப் பக்கம் நகர்கிறது, அதனால் தோல் விறைத்து உடைவதில்லை.

"அப்ப உள்ள வச்ச ஆறும்?"

"அதுங்களுக்கு யாருமே சேதி சொல்லல. சந்தோஷமா இருந்துச்சு, செத்துப் போச்சு."

"நான்தான் ரேடியோ போட்டேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். செப்டம்பருக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். பிறகு தாழ்வாரத்துக்குப் போய் அந்தப் பூவாளியில் இருந்த ஐஸைத் தட்டிக் கொட்டினேன்.

ஆகவே யூஸ்தினா, நிலைமை இதுதான். வசந்தத்தில் இந்த ஐந்தும் கதிர் விட்டால்தான் நாற்பத்தேழாம் நம்பர் உண்டு. அதுவரை நான் நகர முடியாது. ஹைடி வாரம் ஒரு முறை வருகிறாள், காப்பி குடிக்கிறாள். வால்டருக்கும் காப்பி கொடுக்க ஆரம்பித்துவிட்டேன், ஆனால் வளரவில்லை. காலையில் இரண்டு முட்டை வேகவைக்கும் பழக்கம் போகவில்லை, இரண்டையும் நானே தின்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். கிறிஸ்துமஸ் ராத்திரி மேஜையில் உன் அண்ணனுக்கு ஒரு தட்டு வைப்பேன், நீயும் அங்கே ஒன்று வை.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. உங்கள் கூரைக்கும் ரோஜாவுக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி பராஸ்கா

பின்குறிப்பு: கடிதக் கவரை ஒட்டும் முன் கிறிஸ்துமஸ் சமையலுக்காக ஐஸ்பெட்டியைக் காலி செய்தேன். கொழுக்கட்டைக்கு அடியில், நான் கடைசியாகத்தான் கை வைக்கும் இடத்தில், ஒரு பழுப்புக் கவர். மேலே நாற்பத்தேழு என்று உன் அண்ணன் கையெழுத்து. ஹைடிக்குப் போன் செய்தேன். காய்ந்த விதையில் உறையத் தண்ணீரே இல்லை, ஐஸ்பெட்டியில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள். வால்டர் இப்போதுதான் வாயைத் திறக்கிறார்: நிலவறையில் இருந்தது போன வருஷம் கிறிஸ்துமஸ் சமையலுக்கு அவரே கொடுத்த கோதுமையாம், உன் அண்ணன் பழைய கவரில் கொட்டி வைத்திருக்கிறார். "நீ கேக்கவே இல்லியே" என்கிறார். ஆக, நாற்பத்தேழாம் நம்பரை நான் கொல்லவில்லை. உன்னிடம் சொல்ல இனி எனக்குச் சாக்கும் இல்லை. தொட்டிகளை வால்டர் பார்த்துக்கொள்வார், பார்த்துக்கொள்ளாமல் இருக்க அவருக்கு நன்றாக வரும். பிப்ரவரியில் ஒரு மாதம் வருகிறேன். என் அறையைச் சூடாக்கி வைக்காதே, மெதுவாகப் பழகிக்கொள்கிறேன்.

சொல்ல மறந்தேன். அந்தப் பழுப்புக் கவரின் பின்பக்கம் அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பராஸ்கா, இதைச் சமைக்காதே."