எட்டு வயதில் வீடு வாங்கியவர்

செம்மேடு என்று ஒரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம். தேடினால் கிடைத்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அந்த நாட்டு மன்னர் நிலங்காத்தார் மக்கள்மேல் கொள்ளைப் பிரியம் உள்ளவர். முடிசூடிய அன்றே அரண்மனை வாசலில் 'இது மக்களின் வீடு' என்று பெரிய பலகை மாட்டினார். மக்கள் அதைத் தெருவில் நின்று படித்து, கைதட்டிவிட்டு, அவரவர் வாடகை வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

ஒருநாள் விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டுத் தூதர் பேச்சுவாக்கில் ஒன்று கேட்டார். "எங்கள் நாட்டில் முப்பது வயதில் முதல் வீடு வாங்கிவிடுகிறார்கள். உங்கள் நாட்டில் எப்படி?"

மன்னருக்குத் தெரியவில்லை. கணக்கெடுக்கச் சொன்னார். சராசரி ஐம்பத்தேழு என்று வந்தது. அன்று மன்னருக்குப் பாயசம் இறங்கவில்லை.

பேரமைச்சர் திருமேனியாரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு நாற்பது வீடுகள் சொந்தம் என்பதால் வீடு பற்றிய எல்லா விஷயங்களிலும் அவர் சொல்வதே முடிவு.

"மன்னா, இதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று வீட்டின் விலை. அது மழை வெயில் போல, தானாக ஏறும். அதில் அரசு கைவைப்பது அழகல்ல. மற்றொன்று வாங்குகிறவரின் வயது. அதில் தாராளமாகக் கைவைக்கலாம்."

"வயதைக் குறைக்க முடியுமா?"

"அரசாணை போட்டால் குறையாமல் எங்கே போகும்?"

மறுவாரமே ஆணை வந்தது. சொந்தமல்லாத வீட்டில் கழித்த ஆண்டுகள் இனி வயதில் சேரா. ஒரே ஒரு விலக்கு: வேலைக்கும் வரிக்கும் மட்டும் பழைய வயதே செல்லும். நாடு முழுக்க நரைத்த தலைகள் ஒரே நாளில் பாலகர்களாயின. பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு வாக்கு கிடையாது என்பதால் வாக்குச்சாவடிகளில் கூட்டமும் குறைந்தது. நிர்வாகம் சீராகிவிட்டதாகப் பேரமைச்சர் அறிக்கை விட்டார்.

அந்த நாட்டில் கோதண்டம் என்று ஒருவர். புது வீடுகளுக்குப் பூட்டும் தாழ்ப்பாளும் பொருத்தி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வருவது அவர் தொழில். குடியிருந்தது பேரமைச்சரின் நாற்பது வீடுகளில் ஒன்றில். அவர் மனைவி அம்சவேணி கல்யாணச் சீராக வந்த பித்தளைப் பாத்திரம் ஒன்றை முப்பத்தோரு வருஷமாகப் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தார். சொந்த வீட்டில் பால் காய்ச்சத்தான் அதை முதலில் அடுப்பில் ஏற்றுவது என்று சபதம். வீடு மாறும்போதெல்லாம் அதை அவரே மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போவார்.

ஒருவழியாக ஊர்க்கோடியில் இரண்டு அறை வீடு ஒன்று விலை திகைந்தது. இருவரும் பத்திரம் பதியப் போனார்கள். பதிவாளர் ஏகாம்பரம் கெட்டவர் அல்ல. சட்டத்தில் இருப்பதை அப்படியே கூட்டிக் கழித்துச் சொல்வார். வேறு எதுவும் தெரியாது.

"பிறந்தது சொந்த வீடா?"

"ஆமாங்க. அப்பா கட்டின மண் வீடு. எட்டு வயசு வரைக்கும் அங்கதான். அப்புறம் எல்லாம் வாடகைதான்."

"அப்படியென்றால் உங்களுக்கு வயது எட்டு. மைனர். கார்டியன் வேண்டும்."

"சார், எனக்குப் பேரப்பிள்ளையே இருக்கான்."

"வாழ்த்துகள். விதிப்படி குடியிருப்பவருக்கு வீட்டுக்காரரே கார்டியன். பத்திரம் அவர் பெயரில் இருக்கும். உங்களுக்குப் பதினெட்டு நிரம்பியதும் மாற்றித் தருவார்."

அம்சவேணி முன்னால் வந்தார். "வீடு அவரு பேர்ல இருந்தா, அதுவும் சொந்தமில்லாத வீடுதானே? அதுல இருந்தா வயசு ஏறாதே. அப்புறம் எப்பங்க பதினெட்டு ஆகும்?"

ஏகாம்பரம் புத்தகத்தைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். "ஆகாது" என்று ஒப்புக்கொண்டார்.

"சரி, எனக்கு என்ன வயசு? என் பேர்ல எழுதுங்க."

"நீங்கள் பிறந்ததே வாடகை வீட்டில். சட்டப்படி நீங்கள் இன்னும் பிறக்கவில்லை அம்மா."

வீடு பேரமைச்சரின் நாற்பத்தோராவது வீடாகப் பதிவாயிற்று. தாங்கள் வாங்கிய வீட்டுக்கே இருவரும் வாடகை கொடுத்துக் குடிபோனார்கள். அம்சவேணி பாத்திரத்தைப் புடவையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த வீட்டுப் பூட்டைத் தம் கையாலேயே பொருத்தியவருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. எனக்கும் இந்த இடத்தில் கேலி வரவில்லை.

ஆனால் புள்ளிவிவரத்தில் கோதண்டம் எட்டு வயதில் வீடு வாங்கியவர். அவரைப் போன்றவர்களால் சராசரி பதினொன்றுக்கு இறங்கியது. மன்னர் மகிழ்ந்து அரண்மனை வாசலில் விழா எடுத்தார். பக்கத்து நாட்டுத் தூதரும் வந்திருந்தார். இளம் வயதில் சாதித்த கோதண்டம் மேடைக்கு அழைக்கப்பட்டார். கழுத்தில் போட்ட பெரிய மாலையில் மீசை நரை மறையும்படி பார்த்துக்கொண்டார்கள்.

திடீரென்று புகை வாசனை. பலகைக்கு நேர் கீழே மூன்று கல் வைத்து, பித்தளைப் பாத்திரத்தில் அம்சவேணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

பேரமைச்சர் ஓடி வந்தார். "அம்மா! இது என்ன இடமென்று நினைத்தாய்?"

"எனக்கு வாசிக்கத் தெரியும்யா. எங்க வீடுன்னு நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க? முப்பத்தோரு வருஷம் பொறுத்தாச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொங்கப் போவுது."

தூதர் ஆர்வத்தோடு பலகையை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் மன்னர் குடியிருப்பது சொந்தமல்லாத வீட்டிலா? அவருக்கு என்ன வயது?"

பதிவாளர் ஏகாம்பரமும் விழாவுக்கு வந்திருந்தார்; கேள்வி வந்தால் கணக்குப் போட்டுவிடுவது அவர் கைப்பழக்கம். "மன்னர் பிறந்தது இங்கே. வளர்ந்ததும் இங்கே. சட்டப்படி மன்னரும் இன்னும் பிறக்கவில்லை" என்றார்.

பால் பொங்கி வழிந்தது. "அட, நானும் மன்னரும் ஒரே வயசுதான்" என்று அம்சவேணி முதல் டம்ளரை மன்னரிடம் நீட்டினார். மன்னர் திகைப்பில் வாங்கிக் குடித்துவிட்டார். சர்க்கரை போதவில்லை என்று பிறகு சொன்னாராம்.

இவ்வளவு நடந்த பிறகு சட்டம் மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். அரசு இரண்டு நாள் கூடி ஆலோசித்துப் பலகையைக் கழற்ற முடிவு செய்தது. அம்சவேணி பாத்திரத்தின் அடிக்கரியை மட்டும் இன்னும் தேய்க்கவில்லை. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறார்.

பலகையின் திருகாணிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. கழற்றத் தெரிந்த ஆள் கோதண்டம்தான் என்று அவருக்கே சொல்லி அனுப்பினார்கள். அது வேலை என்பதால், அன்றைக்கு மட்டும் அவருக்கு வயது ஐம்பத்தாறு.