மூக்கைக் கட்டிக்கொண்டு அடித்த மருந்து

இயற்கை விவசாயச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி வர இன்னும் பத்தே நாள் இருக்கையில், உமர் பாருக்கின் திராட்சைப் பந்தலில் செவட்டை நோய் விழுந்தது. இலையெல்லாம் மஞ்சள் பூத்துச் சுருண்டது.

மூன்று வருஷமாக ரசாயனம் தொடாத தோட்டம். "சான்றிதழ் வரலேன்னா தோட்டத்த ஒங் கையில விட்டுட்டு ஒதுங்கிக்கிறேன்" என்று பக்கத்துத் தோட்டத்து மச்சான் ராஜா முகம்மதுவிடம், கம்பம் சந்தையில் நாலு பேர் கேட்க வாயை விட்டிருந்தார். அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்லியாகிவிட்டது.

தோட்டத்தில் இயற்கைக் கரைசல் கலக்கும் வேலைக்காரி ஜக்கம்மாவைக் கூப்பிட்டு ஒரு டப்பாவை நீட்டினார்.

"இது விச மருந்துல்ல மொதலாளி?"

"மெதுவாப் பேசு. டிரம்முல கலக்கி வச்சுட்டு வீட்டுக்குப் போ."

வெள்ளிக்கிழமை ஊரே ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், மூக்கைத் துண்டால் மூன்று சுற்றுக் கட்டிக்கொண்டு, டிரம்மில் வெள்ளையாகக் கிடந்ததை அடித்து முடித்தார். பள்ளிவாசலில் அவர் இல்லாததை எல்லோரும் கவனித்தது தனிக்கதை.

ஒரே வாரத்தில் பந்தல் பச்சையானது. பாருக்குக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"பழத்த லேப்புக்கு அனுப்புவாகளாம்ல?" என்று மனைவி பாத்திமா கேட்டதிலிருந்து தண்ணீரும் இறங்கவில்லை.

அதிகாரி வந்து கொத்தில் கை வைத்ததும் பாருக் முந்திக்கொண்டார்.

"சார், லேப்புல மருந்து தெரிஞ்சா அது நான் அடிச்சது இல்ல. மச்சான் தோட்டத்துல அடிச்சது காத்துல வந்திருக்கும்."

வேலிக்கு அந்தப் பக்கம் ராஜா முகம்மதுவின் தலை எழுந்தது.

"எதுல அடிச்சேன் மச்சான்? என் ஸ்பிரேயரு ஒரு மாசமா ரிப்பேர் கடையில கெடக்கு. மெக்கானிக்க வரச் சொல்லவா?"

"அப்ப யார் அடிச்சது?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மருந்தடித்தது தாமேதான் என்று பாருக் தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். அதிகாரி பழத்தைப் பறிக்கவே இல்லை. முதல் வருஷத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"விடுங்க மச்சான். நாளையிலருந்து நான் பாத்துக்கிறேன்." ராஜா முகம்மது ஆறுதலாகத் தோளைத் தட்டி, மோட்டார் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

பாருக் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பந்தலுக்குள்ளிருந்து ஜக்கம்மா தயங்கித் தயங்கி வந்தாள். பொத்திப் பிடித்த மடியிலிருந்து ஒரு கொத்து எட்டிப் பார்த்தது.

"வையாதீக மொதலாளி. மாசமா இருக்குற எம் மகளுக்கு தெனமும் இங்கனதான் ரெண்டு கொத்து பறிச்சுட்டுப் போறேன். அதுல விசத்த அடிக்க விடுவேனா? அன்னைக்கு நீங்க அடிச்சது புளிச்ச மோரு."