கீழ்மாடிக் குசினி

"என்ன பிள்ளை, நாங்கள் உப்பிடியே சீவிக்கிறம்?"

ரொறொன்ரோ மியூசியம் ஒன்றின் வாசலில் நின்று பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்பதுதான் அட்சயாவின் வேலை. அன்று முதல் நாள். அடுத்த வருடம், தொண்ணூற்றேழில், என்ன கண்காட்சி வைக்கலாம் என்றுதான் கேட்டாள். கண்காட்சி பார்க்க வந்த வேரோனிக்காவுக்கோ அதற்கு முன்னமே கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது.

"எது அன்ரி?"

"புதுசா வந்த சனத்தின்ர வீடு எண்டு எழுதின பலகை கிடந்தது. படியிறங்கிப் போனன். கீழ ஒரு குசினி. கழுவாத கோப்பையள், கால் ஆடுற கதிரை, சிங்குக்குள்ள ஊறின தேயிலைப் பை. பேஸ்மென்டில இருந்தாலும் என்ர சிங்கில முகம் பாக்கலாம், தெரியுமே?"

அட்சயா அவசரமாகப் பேனையை எடுத்தாள். "சொறி அன்ரி. நான் இன்னும் உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்லை. எழுதிறன்."

"எழுதினாப் போதாது. பெரியாளைக் கூப்பிடு."

பெரியவர் வந்தார். அந்தக் கண்காட்சியை அமைத்த வெள்ளைக்காரர் அவர்தான். அட்சயா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் முகம் சிவந்தது. மனம் நோகச் செய்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்றார்.

"பாத்தியே, ஒத்துக்கொள்ளுறார். அப்ப தெரிஞ்சுதான் செய்திருக்கினம்."

அவர் இன்னும் பணிந்தார். எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், அடுத்த கண்காட்சிக்கு நீங்களே ஆலோசகராக வாருங்கள் என்று கெஞ்சினார்.

"அது பிறகு. முதல்ல வாங்கோ, ஒண்டொண்டாக் காட்டுறன்."

வேரோனிக்கா விறுவிறுவென்று முன்னே நடந்தாள். கீழே இறங்கும் படியருகே பெரியவர் தயங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி அடக்கிவிட்டாள். என்ன கலவரம் என்று பார்க்க நாலைந்து பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

கதவைத் தள்ளியவள் திகைத்து நின்றாள். மேசையில், கன்னத்தில் கை ஊன்றியபடி, நீலச் சட்டை போட்ட ஓர் உருவம்.

அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். "நான் அங்கால போன கையோட பொம்மையும் கொண்டுவந்து இருத்திப்போட்டினம். எங்கட ஆம்பிளையளின்ர அதே முகவெட்டு. வேலைக்குப் போய்க் களைச்ச கோலம். இதையும் காட்சிக்கு வைக்கிறதே?"

சொல்லிக்கொண்டே, எல்லோரும் பார்க்கட்டும் என்று அதன் சட்டைக் கொலரைப் பிடித்து உலுக்கினாள்.

பொம்மை கண் விழித்தது.

"அக்கா, கண்காட்சி மேல்மாடியில. இது நாங்கள் சாப்பிடுற அறை."